கண்ணை மிச்சம் பிடித்த மாதங்கள்

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்து மாடியில், தமிழ்ப் புத்தகம் வைத்திருக்கிற அறை ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே பொம்பளைகள் நாங்கள் கொஞ்சப் பேர் கூடுவோம். பிளாஸ்டிக் நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தரும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இப்போது என்ன படிக்கிறேன், அடுத்து என்ன படிக்கப் போகிறேன். அவ்வளவுதான் கூட்டம். கடைசியில் காப்பி உண்டு.

நான் தாராவியிலிருந்து போகிறவள். முதல் தடவை அங்கே போனது புத்தகத்துக்காக இல்லை. காப்பித்தூள் வாங்கப் போனேன். கடைக்கு எதிரே மாடியில் தமிழில் பலகை தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுப் படி ஏறினேன். உள்ளே ஒரு மாமி உட்கார்ந்திருந்தார். பெரிய ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு வாங்கியவர், அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவர். என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரைப் பார்க்கணும்?" என்றார்.

"யாரையும் பாக்க வரல. புஸ்தகத்தைப் பாக்க வந்தேன்" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. எழுத்தெல்லாம் தெரியும். எழுத்து வார்த்தையாகிறதுக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். விரலை வைத்து, வாய்விட்டுச் சொல்லி, அது என் காதில் விழுந்தால்தான் எனக்கு ஏறும். மற்றவர்கள் மாதிரி வாயை மூடிக்கொண்டு படிக்க எனக்கு வரவில்லை. ஒரு பக்கம் முடிக்க ஒரு மத்தியானம் ஆகும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க ஒரு பக்கத்தோடு இருந்தவளுக்கு அந்தப் பக்கம் மறக்காது. எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கிற ஒரே ஆள் நான்தான். மகனுக்குக் கடைப் பலகை அளவுக்கு வரும். மருமகள் இந்த ஊரிலேயே பிறந்தவள். வாய் நிறையத் தமிழ் பேசுவாள், எழுத்தைக் காட்டினால் திருதிரு என்று முழிப்பாள்.

கூட்டத்தில் மற்றவர்கள் ஒரு மாதத்துக்கு நாலு புத்தகம் ஐந்து புத்தகம் சொல்வார்கள். என் முறை வந்தால் போன மாதம் சொன்னதையே சொல்வேன். ஒரு தடவை மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னும் அதே புஸ்தகம்தானா?"

"ஆமா. நீங்கல்லாம் ருசி பாக்குதீய. நான் சாப்பிடுதேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். அதற்கப்புறம் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அந்த அறையின் அலமாரியில் இரண்டு தடிப் புத்தகம் உண்டு. ஒரே கதை, இரண்டு பாகம். ஒரு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற குடும்பங்களின் கதை. மாமி அதைப் படித்து முடித்துவிட்டு ஒரு கூட்டத்தில் சொன்னார். "அதுல ஒரு பொம்மனாட்டி வரா. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டா. ஆனா புஸ்தகமே அவதான்." அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் அலமாரிப் பக்கம் போய் நின்றேன். மாமி பின்னாலேயே வந்தார்.

"அது வேண்டாமே. பொடி எழுத்து. ரெண்டு பாகம் வேற. உங்களுக்கு ஆயாசமா இருக்கும். நான் நல்லதா, சின்னதா ஒண்ணு எடுத்துத் தரேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. கேலி செய்திருந்தால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அடுத்த மாதம் என் முறை வந்தபோது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அடுத்து நான் படிக்கப் போறது அந்தத் துறைமுகத்துப் புஸ்தகம். ரெண்டு பாகமும்" என்றேன். சொன்னது சொன்னதுதான். முதல் பாகத்தை அன்றைக்கே வாங்கிக்கொண்டு வந்து, பழைய சேலைத் துணியில் சுற்றி, மரப் பலகை மேல் வைத்தேன். கையில் இருந்த சின்னப் புத்தகத்தை முடித்துவிட்டு எடுக்கலாம் என்று இருந்தேன்.

அந்த நாட்களில்தான் கண் என்னை விட்டுப் போகிற விஷயம் தெரிந்தது.

வலி ஒன்றும் இல்லை. வலித்திருந்தால் முன்னாடியே பார்த்திருப்பேன். பக்கத்தில் வைத்த டம்ளரைக் கை தட்டிவிடும். கதவு விளிம்பில் தோள் இடிக்கும். வயசு என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் எங்கள் சந்து முனையில் தோல் கட்டு ஏற்றிய கைவண்டி இடப் பக்கமிருந்து வந்து முழங்கையில் மோதியது. வண்டிக்காரன் தூரத்திலிருந்தே "மாஜி, ஹடோ, ஹடோ" என்று விலகச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்தான். அவன் கத்தியது காதில் விழுந்தது. வண்டிதான் இடிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியவே இல்லை.

மருமகள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றுமே வராமல் இருந்தது. மெஷின் கெட்டுப் போச்சு போல என்று நினைத்தேன்.

டாக்டர் சின்னப் பொண்ணு, மராத்திக்காரி. எனக்குச் சந்தையில் பேசுகிற அளவுக்கு ஹிந்தி வரும், ஆஸ்பத்திரி ஹிந்தி வராது. மருமகள்தான் திருப்பிச் சொன்னாள். "கண்ணுக்குள்ள பிரஷர் அத்தே. ஓரத்துலேர்ந்து பார்வை குறைஞ்சுட்டே வருதாம். போனது திரும்பி வராதாம். டிராப்ஸ் போட்டு, இருக்கிறதைக் காப்பாத்திக்கணுமாம்."

"எவ்வளவு நாளைக்கு இருக்குமாம்?"

"அது சொல்ல முடியாதாம்."

சரி என்று எழுந்து வந்துவிட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் சந்தில் விடிந்தும் விடியாததுமாகக் கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் வரும். அந்த நேரத்துக்குள் டிரம்மில் பிடித்து வைத்ததுதான் அன்றைக்கு முழுக்க. இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். டிரம்மில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தாராவிப் பொம்பளைக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். பாத்திரம் கழுவுகிறதை நிறுத்துவோம். துணியை நாளைக்கு வைப்போம். குடிக்கிறதுக்கு மட்டும் மொண்டுகொள்வோம். இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள் என்று டாக்டர் சொன்னபோது என் புத்தி நேராக அந்த டிரம்முக்குத்தான் போயிற்று. பார்வையை இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மொள்ள வேண்டும்.

யோசித்துப் பார்த்தபோது கோபம் கோபமாக வந்தது. எத்தனையோ வருஷம் வீட்டில் உட்கார்ந்து நூல் வெட்டுகிற வேலை பார்த்தவள் நான். தைத்து முடித்த சட்டைகள் கட்டுக் கட்டாக வரும். தையல் முடிகிற இடத்திலெல்லாம் துருத்திக்கொண்டிருக்கிற நூலைப் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். கறுப்புச் சட்டையில் கறுப்பு நூல். அந்தச் சட்டையெல்லாம் எந்த ஆம்பளை போட்டான், எந்த ஊரில் போட்டான் என்று எனக்குத் தெரியாது. என் கண்ணில் பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். மிச்சத்தையாவது எனக்கு வைத்துக்கொள்வேன். அதை வைத்து அந்தத் துறைமுகத்துப் புத்தகத்தைப் படிப்பேன். வேறு எதற்கும் செலவழிக்க மாட்டேன்.

கையிலிருந்த சின்னப் புத்தகத்தைப் பாதியில் நிறுத்தினேன். டிவி பார்ப்பதை விட்டேன். அரிசியில் கல்லைக் கண்ணால் தேடாமல் விரலால் தடவி எடுத்தேன். வேலை இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பஸ்ஸில் போனாலும் மூடிக்கொள்வேன். கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்புவான்.

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அத்தே, என் மேல கோபமா?"

"இல்ல."

"ஜபம் ஏதும் பண்றீங்களா?"

"இல்லட்டி. சும்மா இரு."

"உங்க சீரியல்ல இன்னிக்கு அவளுக்குக் கல்யாணம். வந்து பாருங்க."

"அவளுக்கு இது எத்தனாவது கல்யாணம்? நான் வராமலே நடக்கும். போ."

சிரித்துக்கொண்டு போய்விட்டாள். ஏன் மூடிக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்படுவார்கள். எனக்கு யாரும் இரக்கப்பட்டுப் பழக்கம் இல்லை.

கூட்டத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். என் முறை வந்தால், "இப்ப ஒண்ணும் படிக்கல. அடுத்தது துறைமுகத்துப் புஸ்தகம்" என்பேன்.

"எப்போ ஆரம்பிக்கப் போறேள்?" என்று மாமி கேட்டார்.

"மழை விடட்டும்" என்றேன்.

அது சாக்கு இல்லை. மழைக்காலத்தில் சந்து முழுக்க நீலத் தார்ப்பாய் கட்டிவிடுவார்கள். பட்டப்பகலில் வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் பொடி எழுத்துப் படித்தால் கண் இரட்டிப்பாகச் செலவாகும் என்பது என் எண்ணம். மழை முடிந்து தார்ப்பாயை அவிழ்த்தால் வாசலில் நல்ல வெளிச்சம் விழும். அதுவரைக்கும் சேரட்டும். சொட்டு மருந்தை ஒரு வேளை தவற விடவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. இப்படியே அந்த மழைக்காலம் முழுக்க இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, சேலைத் துணிக்குள் இருக்கிற அந்தப் பேசாத பொம்பளை எப்படி இருப்பாள் என்று நானாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் நினைத்ததெல்லாம் தப்பு என்று பின்னால் தெரிந்தது. அது வேறு.

மழை விட்டது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுபடி அந்தக் கிண்ணம். இந்தத் தடவை நான் தைரியமாகத்தான் முகத்தை வைத்தேன். நன்றாகச் சேர்ந்திருக்கும் என்கிற நம்பிக்கை.

டாக்டர் பொண்ணு பழைய காகிதத்தையும் புதுக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டிலும் கறுப்பாக ஒரு கறை. புதுசில் கறை பெரிசு. அது எனக்கே தெரிந்தது.

"இன்னும் குறைஞ்சிருக்காம் அத்தே" என்றாள் மருமகள்.

"அது எப்படிக் குறையும்? அந்தப் பிள்ளைகிட்ட சொல்லு. நான் செலவழிக்கவே இல்லன்னு சொல்லு."

"எதைச் செலவழிக்கல?"

"கண்ணைட்டி! வாசிக்கிறத விட்டாச்சு, டிவிய விட்டாச்சு. பகல்ல பூரா மூடித்தான வச்சிருந்தேன். நீதான் பாத்தியே! சொல்லு அந்தப் பிள்ளைகிட்ட."

மருமகள் என்னையே பார்த்தாள். பிறகு ஹிந்தியில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் மாறிப்போனது. டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தது. அந்தப் பொண்ணு சிரித்திருந்தால் தேவலை. சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கே புரிகிற ஹிந்தியில் மெதுவாகப் பேசியது. மராத்தியில் பாட்டிக்கு ஆஜி.

"ஆஜி, படிப்பதால் போவதில்லை. படித்தாலும் போகும், படிக்காவிட்டாலும் போகும். மூடி வைத்தால் மிச்சமாகாது. நீங்கள் தாராளமாகப் படித்திருக்கலாமே."

ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். மருமகள் பொரிந்து தள்ளினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? இத்தனை மாசம்! நான் எதுக்கு இருக்கேன் வீட்டுல?"

"கேட்டா நீ என்ன சொல்லிருப்ப?"

"எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லியிருப்பேன்."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கொடுத்தாள். கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு வந்தேன். மேம்பாலத்துத் தூண், சிக்னலில் ரோஜாப்பூ விற்கிறவள், ஒரு கட்டடத்தின் சுவரில் காயப்போட்ட துணி. எல்லாம் நடுவில் தெரிந்தது. பக்கத்தில் எதுவும் இல்லை. அப்போது ஒன்று தோன்றியது. படிப்பதால் போகவில்லை என்றால் நூல் வெட்டியதாலும் போகவில்லை. இத்தனை மாதமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே, அந்தச் சட்டைகள் என் கண்ணை எடுத்துக்கொள்ளவே இல்லை. திட்டுவதற்கு அதுவும் இல்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சேலைத் துணியைப் பிரித்தேன். சாப்பிடக்கூட இல்லை.

மாமி சொன்னது சரிதான். பொடி எழுத்து. முன்பெல்லாம் ஒரு வரி முடிந்தால் விரல் தானாக அடுத்த வரிக்கு வந்து நிற்கும். இப்போது வரி முடிகிற இடத்தில் நிற்கும்போது அடுத்த வரி ஆரம்பிக்கிற இடம் கண்ணுக்குள் இல்லை. தேடிக்கொண்டு வருவதற்குள் வேறு வரியில் போய் நிற்கிறேன். ஒரே வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, கதை எழுதினவருக்கு மறதி போல என்று நினைத்ததும் உண்டு. செருப்பு டப்பா அட்டையில் ஒரு துண்டு வெட்டி, வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டு படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு மத்தியானம், சில சமயம் மூன்று.

வாய்விட்டுத்தான் படிக்கிறேன். மருமகள் கேட்காத மாதிரி வேலை செய்துகொண்டிருப்பாள். ஆனால் மிக்ஸி போடுவதற்கு முன்னால், "அத்தே, ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்பாள். மிக்ஸி நின்றதும், "ம்" என்பாள்.

கணக்குப் போட்டும் பார்த்தேன். நான் படிக்கிற வேகம், புத்தகத்தின் தடிமன், அந்த இரண்டு காகிதத்திலும் இருந்த கறை. அந்தக் கணக்கை இங்கே சொல்ல மாட்டேன். மழைக்காலம் கையில் இருந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். அதை மட்டும் சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு மருமகளும் கூட வந்து படி ஏற்றிவிட்டுப் போனாள். எனக்குத் தெரியாமல் மாமியிடம் போனில் எல்லாம் சொல்லியிருக்கிறாள். நான் உள்ளே நுழைந்தபோதே தெரிந்துவிட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள்.

செம்பூரிலிருந்து வருகிற ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தவள், காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வருகிறவள், நல்ல மாதிரி. என் காதருகே வந்து, "அக்கா, நான் வாசிச்சு உங்க மருமக போனுக்கு அனுப்பிடுறேன். தினமும் கொஞ்சம். நீங்க படுத்துக்கிட்டே கேக்கலாம்" என்றாள்.

"அது நீ வாசிச்சதா இருக்கும். நான் வாசிச்சதா இருக்காது" என்றேன். அவள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முறை ஆரம்பித்தது. மாமி ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கொண்டே வந்தார். இப்போ என்ன, அடுத்து என்ன. ஒருத்தி சமையல் புத்தகம் படிக்கிறாளாம், அடுத்தது பயணக் கதையாம். இன்னொருத்திக்கு அடுத்தது ஆறு புத்தகம் இருக்கிறது, எதை எடுக்க என்று தெரியவில்லையாம். என்னிடம் வந்தார்.

"இப்போ என்ன படிக்கறேள்?"

"துறைமுகத்துப் புஸ்தகம். மொத பாகம். அந்தப் பொம்பளை இப்பத்தான் ஊருக்குள்ள வந்திருக்கா."

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, மாமி பார்வையைச் செம்பூர்க்காரி பக்கம் திருப்பினார். "நீங்க சொல்லுங்கோ."

எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. படிப்பு இல்லாதவள் என்று பார்த்தபோதுகூட அப்படிச் சுடவில்லை.

"மாமி" என்றேன். "எனக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு."

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"இல்லே... கேட்கலாமான்னு..." மாமி இழுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கோ. உங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு பார்த்தேன்."

"எல்லார்ட்டயும் கேட்டிய. என்கிட்டயும் கேளுங்க."

மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். மற்றவர்களிடம் கேட்கிற அதே குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"அடுத்து என்ன படிக்கப் போறேள்?"

"ரெண்டாம் பாகம்" என்றேன். "எடுத்துக் குடுங்க. வீட்டுல இருக்கட்டும்."

"முதல் பாகம் முடிச்சுட்டு எடுத்துண்டு போகலாமே?"

"அதுக்குள்ள வேற யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

"யார் எடுக்கப் போறா? எனக்கப்புறம் இதை யாரும் தொடவே இல்லை" என்றபடி மாமி அலமாரியைத் திறந்து, அட்டையில் இருந்த தூசியைத் தட்டி, என் மடியில் வைத்தார். முதல் பாகத்தைவிடக் கனம். திறந்து பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து இறங்கும்போது செம்பூர்க்காரி படி தொடங்குகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். "புஸ்தகத்தை என்கிட்ட குடுங்கக்கா. நீங்க கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க."

கைப்பிடி இடப் பக்கம் இருந்தது. எனக்கு இடப் பக்கம் என்று ஒன்று இப்போது இல்லை. கையை நீட்டித் துழாவினேன், அகப்படவில்லை. கீழே படி எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பின்னால் மற்றவர்கள் காத்திருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ஏட்டி, முன்னால போ" என்றேன் அவளிடம். "மெதுவாப் போ."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். புத்தகத்தை அவளிடம் கொடுக்கவில்லை.